சுத்தியலாக மாறும் உள்ளங்கை: கைத் தமனி வீக்கமும் சிகிச்சையும்

(கோவையைச் சேர்ந்த கை அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர், கணபதி வட்டாரப் பட்டறைத் தொழிலாளர்களை மனதில் வைத்துப் பேசிய எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை ஓரளவு அப்படியே விட்டு, வாசிப்புக்காகத் திருத்தியிருக்கிறோம்.)

இன்றைக்கு நாம் பேசப் போவது கையில் ஓடும் ரத்தக்குழாயைப் பற்றி. அந்தக் குழாயில் ஒரு இடம் மட்டும் பலூன் மாதிரி உப்பிப் போவதுண்டு. மருத்துவத்தில் அதற்கு அனியூரிசம் என்று பெயர். அனியூரிசம் என்றதும் பலருக்கு மூளையோ வயிறோதான் ஞாபகத்துக்கு வரும். கையிலும் வரும். அரிதுதான். ஆனால் எந்த மாதிரி வேலை செய்கிறவர்களுக்கு வரும் என்று பார்த்தால், அந்த வேலை செய்கிறவர்கள் நம்ம ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

சத்தி ரோட்டில் டெக்ஸ்டூல் ஸ்டாப்பில் இறங்கி உள்ளே நடந்து பாருங்கள். லேத் பட்டறை, மோட்டார் பம்பு அசெம்பிளி, கிரைண்டர் பாகங்கள், ஃபவுண்டரி வேலை, மில் மெஷினுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் என்று ஏதாவது ஒன்று காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஃபிட்டர்களின் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு பேரிங்கை ஹவுசிங்கில் உட்கார வைக்க வேண்டும். சுத்தி பெஞ்சின் அந்தக் கோடியில் கிடக்கும். அதை எடுக்கப் போக மாட்டார்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் 'டப், டப்' என்று இரண்டு தட்டு. வைஸ் கைப்பிடி இறுகவில்லையா, அதற்கும் ஒரு தட்டு. ஸ்பேனர் நகரவில்லையா, அதற்கும் அதே கைதான். மோல்டிங் பாக்ஸில் மண்ணை இறுக்குகிறவரும் அதைத்தான் செய்வார்.

இது சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். அதில் ஒரு தொழில் அறிவு இருக்கிறது. இரும்புச் சுத்தியால் அடித்தால் அலுமினிய பாடியில் தழும்பு விழும். கையால் தட்டினால் விழாது. அது மட்டுமல்ல, பேரிங் நேராக உட்கார்ந்ததா, கோணலாகப் போகிறதா என்பது கைக்கே தெரிந்துவிடும். ஒரு ஃபிட்டர் என்னிடம் சொன்னார்: "சுத்திக்கு என்னங்க தெரியும்? கைக்குத்தானுங்க தெரியும்." அவர் சொன்னது சரி. ஆனால் தெரிந்துகொள்கிற அந்தக் கைதான் அடியையும் வாங்கிக்கொள்கிறது.

இரண்டு குழாய், ஒரு வளைவு

உங்கள் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். கைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகள் முக்கியமாக இரண்டு. முழங்கை பக்கத்தில் ஒரே குழாயாக வந்து இரண்டாகப் பிரிகின்றன. கட்டைவிரல் பக்கம் வருவது ரேடியல் தமனி. டாக்டர் நாடி பார்க்கும்போது தொடுவது இதைத்தான். சுண்டுவிரல் பக்கம் வருவது அல்னார் தமனி. இரண்டும் உள்ளங்கைக்குள் வளைவாக இணைகின்றன. அந்த வளைவுகளிலிருந்துதான் விரல்களுக்குக் கிளைகள் போகின்றன. பெரும்பாலானவர்களுக்கு ஒரு குழாய் அடைத்தாலும் இன்னொன்று ஓரளவு ஈடுகட்டும். சிலருக்கு இந்த வளைவு பிறவியிலேயே முழுமையாக இணைந்திருக்காது. அவர்களுக்கு ஈடுகட்டும் வசதி குறைவு.

இப்போது மணிக்கட்டுக்குச் சற்று மேலே, சுண்டுவிரல் பக்கமாக இருக்கும் சதைமேட்டை அழுத்திப் பாருங்கள். உள்ளே எலும்பு மாதிரி ஒன்று தட்டுப்படும். அங்கே ஹேமேட் என்ற எலும்பு இருக்கிறது. அதற்குக் கொக்கி மாதிரி ஒரு நீட்சி உண்டு. அல்னார் தமனி அந்தக் கொக்கியை ஒட்டித்தான் போகிறது. சுமார் 2 செ.மீ. நீளத்துக்கு அதன் மேல் பெரிய பாதுகாப்பு கிடையாது. தோல், கொஞ்சம் கொழுப்பு, காகிதம் மாதிரி ஒரு மெல்லிய தசை, அவ்வளவுதான். நீங்கள் அந்த இடத்தால் இரும்பைத் தட்டும்போது கீழே எலும்புக் கொக்கி, மேலே இரும்பு, நடுவில் தமனி. அடைகல்லில் வைத்து அடிப்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தானே. அதேதான் இங்கே நடக்கிறது.

தமனியின் சுவர் மூன்று அடுக்கு. திரும்பத் திரும்ப அடிபட்டு உள் அடுக்கு கிழிந்தால், அந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாய் அடைத்துக்கொள்ளும். நடு அடுக்கு பழுதானால் சுவர் பலமிழந்து உப்பும். அதுதான் அனியூரிசம். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

வயிற்றில் வரும் அனியூரிசத்தில் பயமே அது வெடித்துவிடுமோ என்பதுதான். கையில் வருவது வெடிப்பது மிக அரிது. இங்கே ஆபத்து வேறு. உப்பிய இடத்தில் ரத்தம் சுழன்று தேங்கும். தேங்கினால் உறையும். உறைந்த துணுக்குகள் ரத்த ஓட்டத்தோடு கிளம்பிப் போய் விரல் நுனியின் மெல்லிய குழாய்களில் மாட்டிக்கொள்ளும். கட்டி இருப்பது உள்ளங்கையில், சேதம் நடப்பது விரல் நுனியில். அதனால்தான் விரலை மட்டும் பார்க்கிறவர்கள் இந்த நோயைக் கண்டுபிடிப்பதில்லை.

புதிய நோய் அல்ல

அல்னார் தமனி வீக்கத்தை 1772-லேயே ரோமில் குவாட்டானி என்ற மருத்துவர், ஒரு வண்டிக்காரரின் கையில் பார்த்து எழுதியிருக்கிறார். 1934-ல் ஸ்வீடனில் வான் ரோஸன், கையில் அடிபட்டு இந்தத் தமனி அடைத்துப்போன நோயாளியைப் பற்றி எழுதினார். 1970-ல் அமெரிக்காவில் கான், பெர்கன், பெல் என்ற மூவர் இதற்கு 'ஹைபோதீனார் ஹேமர் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார்கள். ஹைபோதீனார் என்றால் சுண்டுவிரல் பக்கத்துச் சதைமேடு. ஹேமர் என்றால் சுத்தி. பெயரிலேயே காரணம் இருக்கிறது.

பட்டறைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வு 1972-ல் வந்தது. ஆஸ்திரேலியாவில் லிட்டில், ஃபெர்குசன் என்ற இருவர் வாகனப் பராமரிப்புப் பட்டறைத் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். கையைச் சுத்தி மாதிரி பயன்படுத்தும் வழக்கமுள்ளவர்கள் 79 பேர். அவர்களில் 11 பேருக்கு அல்னார் தமனி அடைத்திருந்ததற்கான அடையாளம் இருந்தது. நூற்றுக்குப் பதினான்கு பேர். இவர்கள் ஆஸ்பத்திரிக்குத் தேடி வந்த நோயாளிகள் இல்லை, வேலை செய்துகொண்டிருந்தவர்கள். அதாவது இந்த நோய் நாம் நினைக்கிற அளவுக்கு அரிதாக இல்லாமலும் இருக்கலாம். தேடாததால் கண்ணில் படாமல் இருக்கலாம்.

"முள்ளு ஏறுன மாதிரி இருக்குதுங்க"

ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பத்தைந்து வயதை நெருங்கும் ஃபிட்டர். இருபது வருஷமாக மோட்டார் பம்பு அசெம்பிளி. வலது கைக்காரர். மார்கழிக் காலையில் பைக் ஓட்டி வரும்போது வலது மோதிர விரலும் சுண்டு விரலும் வெளுத்து, சில்லென்று ஆகியிருக்கின்றன. பட்டறைக்கு வந்து டீ கிளாஸைப் பிடித்தால் சரியாகிவிடும். இப்படியே ஒரு குளிர்காலம் போயிற்று. அப்புறம் வெயில் காலத்திலும் வர ஆரம்பித்தது.

முதலில் பார்த்த இடத்தில் "பீடியை விடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். நல்ல அறிவுரைதான், ஆனால் அதோடு பரிசோதனை முடிந்துவிட்டது. அடுத்து சர்க்கரை பார்த்தார்கள், இல்லை. பிறகு "நரம்புக் கோளாறு" என்று சொல்லி நாலு மாதம் சத்து ஊசி. கடைசியில் மோதிர விரல் நகத்துக்கு அடியில் கருப்பாக ஒரு கோடு. "இரும்புப் பிசிறு ஏறியிருக்கும்னு ஊசி வெச்சு நோண்டிப் பார்த்தனுங்க, ஒண்ணும் வரலீங்க" என்றார். அது பிசிறு இல்லை. நகத்தடியில் நுண்ணிய ரத்தக்கசிவு, முள் மாதிரியே தெரியும். ஒரு கையில் மட்டும், இரண்டு விரலில் மட்டும் இப்படித் தெரிந்தால், மேலிருந்து ஏதோ துணுக்கு வந்து அடைக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

நான் அவரிடம், "வேலை எப்படிச் செய்வீங்க, செஞ்சு காட்டுங்க" என்றேன். யோசிக்காமல் உள்ளங்கையின் அடிப்பகுதியால் என் மேஜையை ஓங்கித் தட்டினார். பாதி நோயை அந்தத் தட்டே சொல்லிவிட்டது. சதைமேட்டில் விரல் வைத்தால் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு மெத்தென்ற கட்டி, நாடியோடு சேர்ந்து துடித்தது.

நம்ம பேச்சில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரத்தக்குழாயையும் நரம்பு என்கிறோம், உணர்ச்சியைக் கடத்துவதையும் நரம்பு என்கிறோம். "வெரல் மதமதன்னு இருக்குதுங்க, நரம்பு இழுக்குதுங்க" என்று ஒருவர் சொன்னால், அது ரத்தம் வராத மதமதப்பா, உணர்ச்சி நரம்பு அழுந்திய மதமதப்பா என்று பிரித்துக் கேட்க வேண்டியது மருத்துவரின் வேலை. உங்கள் பக்கம் ஒரே ஒரு உதவி செய்யுங்கள். விரல் நிறம் மாறுகிறதா, சில்லென்று ஆகிறதா என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் வெளுத்திருக்கும் நேரத்தில் மொபைலில் ஒரு படம் எடுத்து வாருங்கள். அது எனக்கு ஒரு பரிசோதனை ரிப்போர்ட் மாதிரி.

எதிலிருந்து எதைப் பிரிப்பது?

பீடி, சிகரெட்டால் வரும் பர்ஜர் நோயிலும் விரல் கருக்கும். ஆனால் அது பெரும்பாலும் ஒரு கையோடு நிற்காது, காலிலும் இருக்கும். கையால் பிடிக்கும் கிரைண்டிங் மெஷின் அதிர்வால் விரல் வெளுப்பது உண்டு. அது பல சமயம் இரண்டு கையிலும் வரும். சர்க்கரையால் வரும் மதமதப்பு வழக்கமாகப் பாதத்தில் தொடங்கும். மணிக்கட்டு நரம்பு அழுத்தத்தில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகும்.

அல்னார் தமனி வீக்கத்தில் மோதிர விரல், சுண்டு விரல், சில சமயம் நடுவிரல் பாதிக்கப்படும். கட்டைவிரல் பெரும்பாலும் தப்பிக்கும், அதற்கு ரத்தம் ரேடியல் பக்கத்திலிருந்து வருவதால். தமனிக்குப் பக்கத்திலேயே அல்னார் நரம்பும் போவதால், கட்டி அதை அழுத்திச் சுண்டு விரலை மதமதக்க வைக்கும். அதனால்தான் 'நரம்பு' என்று குழப்பம் வருகிறது. வேலை செய்யும் கை, தட்டுகிற தொழில், ஒரு பக்கம் மட்டும், கட்டைவிரல் தப்பியிருக்கிறது: இந்த நாலும் சேர்ந்தால் உள்ளங்கையைத் தொட்டுப் பார்க்காமல் விடக்கூடாது.

அப்புறம் ஒரு சோதனை. செலவே கிடையாது, ஒரு நிமிஷம் போதும். ஆலன் சோதனை என்று பெயர். 1929-ல் எட்கர் ஆலன் என்ற அமெரிக்க மருத்துவர், பர்ஜர் நோயாளிகளின் கையைப் பார்ப்பதற்காகச் சொன்னது. இப்போது செய்வது அதன் திருத்திய வடிவம். நோயாளி கையை இறுக்கி மூட வேண்டும். மருத்துவர் மணிக்கட்டில் இரண்டு தமனிகளையும் அழுத்திப் பிடிப்பார். கையைத் திறந்தால் உள்ளங்கை வெளுத்திருக்கும். இப்போது சுண்டுவிரல் பக்கம் மட்டும் விடுவார். சில விநாடிகளில் கை சிவந்தால் அல்னார் தமனி திறந்திருக்கிறது. வெளுத்தே இருந்தால் அடைப்பு இருக்கலாம். அதேபோல மறுபக்கமும். நம்ம ஃபிட்டருக்குச் சுண்டுவிரல் பக்கம் விட்டபோது கை சிவக்கவே இல்லை. ரேடியல் பக்கம் விட்டதும் மெதுவாகச் சிவந்தது.

இந்தச் சோதனை வழியைக் காட்டும், முடிவு சொல்லாது. அடுத்து டாப்ளர் ஸ்கேன். ஊசி இல்லை, வலி இல்லை. கட்டி ரத்தக்குழாயோடு சேர்ந்ததா, உள்ளே ஓட்டம் இருக்கிறதா, உறைவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆபரேஷன் தேவைப்படலாம் என்றால் சி.டி. ஆஞ்சியோகிராம் அல்லது குழாய் விட்டு எடுக்கும் ஆஞ்சியோகிராம். அதில் அல்னார் தமனி நேராக இல்லாமல் திருகுச் சுருள் மாதிரி வளைந்து தெரியும். விரல்களில் எந்தக் கிளை அடைத்திருக்கிறது என்பதும் தெரியும். படத்தைக் கையோடு நிறுத்தாமல் கழுத்துவரை பார்ப்பது நல்லது. கழுத்தில் கூடுதலாக ஒரு விலா எலும்பு இருந்து, அங்கே தமனி உப்பி, துணுக்குகள் கைக்கு வருவதும் உண்டு. இதயத்தில் உறைவு இருக்கிறதா என்று ஈ.சி.ஜி., எக்கோவும் பார்ப்போம்.

வெட்டக் கூடாத கட்டி

இதுவரை சொன்னது தமனியின் சுவரே உப்புவது. இன்னொரு வகை இருக்கிறது, பொய் அனியூரிசம். கண்ணாடியோ கத்தியோ லேத்திலிருந்து தெறிக்கும் இரும்புச் சுருளோ குத்தி, தமனியில் சின்ன ஓட்டை விழுகிறது. மேலே தோலுக்குத் தையல் போட்டாயிற்று, காயமும் ஆறிவிட்டது. ஆனால் உள்ளே ஓட்டை மூடவில்லை. கசிந்த ரத்தத்தைச் சுற்றியுள்ள சதை ஒரு பை மாதிரி பிடித்துக்கொள்கிறது. சில வாரம் கழித்து அந்த இடம் வீங்கும், சிவக்கும், வலிக்கும். பார்ப்பதற்குச் சீழ்க்கட்டி மாதிரியே இருக்கும்.

அதைச் சீழ் என்று நினைத்துக் கீறினால் ரத்தம் பீறிடும். ஆகவே பழைய காயத்துப் பக்கத்தில் வரும் எந்தக் கட்டியையும், கத்தி வைப்பதற்கு முன்னால் விரல் வைத்துத் துடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே உறைந்துபோயிருந்தால் துடிக்காமலும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் ஒரு டாப்ளர்.

இப்போது இதய ஆஞ்சியோகிராமைப் பலருக்கும் மணிக்கட்டு வழியாகவே செய்கிறார்கள். நல்ல முறைதான். அரிதாக, ஊசி போட்ட இடத்தில் ரேடியல் தமனியில் இந்தப் பொய் அனியூரிசம் வரலாம். வீட்டில் அப்பாவுக்கோ மாமாவுக்கோ ஆஞ்சியோ செய்த பிறகு மணிக்கட்டில் துடிக்கும் வீக்கம் வந்தால், "தானாப் போயிரும்" என்று விடாமல் செய்த இடத்திலேயே காட்டுங்கள். சின்னதாக இருக்கும்போது ஸ்கேன் பார்த்துக்கொண்டே அழுத்திப் பிடிப்பது, உள்ளே உறைய வைக்கும் மருந்து செலுத்துவது என்று எளிய வழிகள் இருக்கின்றன. பெரிதானால் ஆபரேஷன்தான்.

சிகிச்சை

எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. தமனி அடைத்துப்போய், அனியூரிசம் இல்லாமல், மற்ற குழாய்கள் ஈடுகட்டி விரல் நன்றாக இருந்தால் முதலில் மருந்துதான். கையால் தட்டுவதை நிறுத்த வேண்டும். புகையிலை எந்த வடிவிலும் கூடாது. ரத்தத் தட்டுகள் ஒட்டாமல் இருக்க ஆஸ்பிரின், குழாயை விரிக்க நிஃபெடிபின் மாதிரி மாத்திரைகள், குளிரிலிருந்து பாதுகாப்பு. பலருக்கு இதிலேயே தொல்லை குறைந்துவிடுகிறது. அடைப்பு ஒரு சில நாட்களுக்குள் வந்ததாக இருந்தால், குழாய் வழியாக உறைவைக் கரைக்கும் மருந்து கொடுத்துப் பார்ப்பதும் உண்டு.

ஆனால் அனியூரிசம் இருந்து, அது துணுக்குகளை அனுப்பிக்கொண்டிருந்தால் மாத்திரை போதாது. ஊற்றை அடைக்காமல் வாய்க்காலைச் சுத்தம் செய்து பயனில்லை. அந்த உப்பிய பகுதியை எடுத்துவிட வேண்டும்.

கையை மட்டும் மரக்க வைக்கும் ஊசி போட்டுச் செய்யலாம். சதைமேட்டில் திறந்து, முதலில் அல்னார் நரம்பைப் பத்திரமாக ஒதுக்குவோம். பிறகு தமனியின் உப்பிய பகுதிக்கு முன்னும் பின்னும் கிளிப் போட்டுவிட்டு, விரல்களின் நிறத்தைப் பார்ப்போம். விரலில் ரத்த அழுத்தத்தையும் அளக்கலாம். மற்ற வழியாகவே நல்ல ஓட்டம் வருகிறது என்றால், கெட்ட பகுதியை எடுத்து இரு முனையையும் கட்டிவிட்டால் போதும். ஓட்டம் போதாது என்றால் புதுக் குழாய் வைக்க வேண்டும்.

புதுக் குழாய் கடையில் வாங்குவதில்லை. நோயாளியின் முன்கையிலிருந்தே ஒரு சிரைத் துண்டு எடுக்கிறோம். சிரைக்குள் ஒருவழி வால்வு இருக்கும், பம்பில் ஃபுட் வால்வு மாதிரி. அதனால் துண்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால்தான் ரத்தம் விரல் பக்கம் போகும். உள்ளங்கையில் அந்தத் தமனியின் அகலம் 2, 3 மி.மீ.தான். மைக்ரோஸ்கோப் வைத்து, தலைமுடியை விட மெல்லிய நைலான் இழையில் தையல். ரத்தக்குழாயை ஒட்டும் இந்த வித்தைக்கு அடிப்படை போட்ட அலெக்சிஸ் கரேலுக்கு 1912-ல் நோபல் பரிசு கிடைத்தது. தமிழ்நாட்டில் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1971-ல் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை தொடங்கினார். கோவையில் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜா சபாபதி வளர்த்த பிரிவு உலக அளவில் அறியப்பட்டது. மில்லிலும் பட்டறையிலும் கை நசுங்கி, விரல் துண்டாகி வருகிறவர்கள் இருக்கும் ஊர் இது. அதற்குத் தேவையான திறமையும் இங்கேயே இருக்கிறது.

நம்ம ஃபிட்டருக்குச் சிரைத் துண்டு வைக்க வேண்டியிருந்தது. கிளிப்பை எடுத்ததும் சுண்டு விரல் நுனிவரை சிவந்தது. மோதிர விரல் நுனியில் ஏற்கெனவே கருத்துப்போன துளி இடம் மட்டும் மீளவில்லை. அதை அவசரப்பட்டு வெட்டவில்லை. காய்ந்து, எல்லை தெரிந்து, தானாக உதிரும்வரை காத்திருந்தோம். நக ஓரத்தில் கொஞ்சம் போயிற்று, விரல் நின்றது. இரண்டு மாதம் கழித்து வேலைக்குப் போனார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வைத்த சிரைத் துண்டு சிலருக்குப் பிற்காலத்தில் அடைத்துப்போகும். அப்போதும் பலருக்கு விரல் தப்பிவிடுகிறது, துணுக்கு அனுப்பும் ஊற்று போய்விட்டதால். ஆனால் பீடியைத் தொடர்ந்தாலோ மறுபடி கையால் தட்டினாலோ, நாங்கள் செய்த வேலை வீண்.

பட்டறையில் என்ன மாற்றலாம்?

ஒரு நைலான் சுத்தி, ஒரு ரப்பர் சுத்தி. இவை சில நூறு ரூபாய் விஷயம். முக்கியம், அது ஒவ்வொருவர் கைக்கெட்டும் இடத்திலும் இருக்க வேண்டும். பட்டறைக்கு ஒன்று வாங்கி ஓனர் டேபிளில் வைத்தால் யாரும் எழுந்து போக மாட்டார்கள். பேரிங் நிறைய ஏற்றுகிற இடத்தில் ஒரு சின்ன கை பிரஸ். மெத்தை வைத்த கையுறை உதவும், ஆனால் கையுறை போட்டுக்கொண்டு இன்னும் ஓங்கித் தட்டினால் பயனில்லை.

ஜெர்மனி 2015-ல் இந்த நோயைத் தொழில்சார் நோய்களின் பட்டியலில் சேர்த்தது. நம்ம ஊரில் நாலைந்து பேர் வேலை செய்யும் பட்டறைகள் நிறைய. இ.எஸ்.ஐ. பொதுவாகப் பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கு, மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு. அதற்குள் வருகிறவர்கள் கார்டைச் சும்மா வைத்திருக்காமல் பயன்படுத்துங்கள். வராதவர்கள் அரசு மருத்துவமனைக்குப் போகத் தயங்க வேண்டாம். எங்கே போனாலும் உங்கள் வேலை என்ன, கையை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். 'கூலி' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டால் மருத்துவத்துக்கும் உதவாது, பின்னால் நஷ்டஈடு கேட்கவும் உதவாது.

வந்த கேள்விகள்

"கட்டி இருக்கு, வலி இல்லை. விட்டுடலாமா?" காட்டிவிடுங்கள். உள்ளங்கைக் கட்டிகளில் பெரும்பாலானவை நீர்க்கட்டி, கொழுப்புக்கட்டி மாதிரி சாதாரணமானவைதான். ஆனால் துடிக்கிற கட்டிக்கு வலி வரும்வரை காத்திருந்தால், வலி விரல் நுனியில்தான் வரும். அப்போது நேரம் கடந்திருக்கும்.

"சுளுக்கு எடுக்கறவர்கிட்ட எண்ணெய் போட்டு உருவிக்கலாமா?" வேண்டாமுங்க. உள்ளே உறைவு உள்ள கட்டியை அழுத்தி உருவினால் அது விரலுக்குத்தான் போகும். அதேபோல மரத்த விரலைக் கொதிக்கிற தண்ணீரில் விடாதீர்கள். சூடு தெரியாமல் வெந்துவிடும். வெதுவெதுப்பான துணி போதும்.

"ஒரு கையில வந்தா இன்னொரு கையிலயும் வருமா?" நல்ல கேள்வி. ஒரே மாதிரி தட்டுகிறவர்களில் சிலருக்கு மட்டும் ஏன் வருகிறது என்று 2000-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு கேட்டது. அந்த நோயாளிகளில் பலருக்கு மறுகைத் தமனியிலும் இயல்பு மாறியிருந்தது. சுவர் முன்பே பலவீனமானவர்களுக்கு அடி சேரும்போது நோய் வரலாம் என்று அவர்கள் சொன்னார்கள். ஆகவே மறுகையையும் ஸ்கேன் பார்க்கச் சொல்கிறோம்.

"பட்டறை வேலை இல்லாதவங்களுக்கு?" வரும். கைப்பந்து ஆடுகிறவர்கள், மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடமும் பதிவாகியிருக்கிறது. உள்ளங்கை அடிவாங்குகிற எந்தப் பழக்கமும் கணக்கில் வரும்.

எந்த விரலாக இருந்தாலும் திடீரென்று வெளுத்து, ஜில்லிட்டு, கடும் வலியோடு சரியாகாமல் இருந்தால், அது மறுநாள் காலை வரைக்கும் தள்ளிப்போடும் விஷயம் இல்லை. அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இதைக் கேட்டு முடித்ததும் பக்கத்து பெஞ்சில் இருக்கிறவரிடம் ஒன்று கேளுங்கள்: "குளுருல வெரல் வெளுக்குதுங்களா?" ஆமாம் என்றால் அவருக்கு இந்த எபிசோடை அனுப்பி வையுங்கள். அடுத்த முறை, அதிரும் மெஷின் பிடிக்கிறவர்களின் விரல் பற்றிப் பேசுவோம்.